சூப்பர்நேச்சுரல் 4ஆம் சீசன் முதல் எபிசோடு: மறுபடி பார்க்கும்போது வரும் சந்தேகங்கள்

மின்மினி:

வணக்கம். பேய் பிசாசுகளை வேட்டையாடும் டீன், சாம் என்ற அண்ணன் தம்பியின் கதை சூப்பர்நேச்சுரல். அந்த அமெரிக்கத் தொடரில், செத்து நரகத்துக்குப் போன டீன் உயிரோடு திரும்பும் லாசரஸ் ரைசிங் எபிசோடு பற்றிச் சில சந்தேகங்கள். 2008 செப்டம்பர் 18 அன்று ஒளிபரப்பானது, எரிக் கிரிப்கி எழுதி கிம் மேனர்ஸ் இயக்கியது. ஐந்தாம் சீசன் முடிவுவரை பார்த்தவர்கள் பதில் சொன்னால் நல்லது. ஸ்பாய்லர் பிரச்சினையில்லை.

கதை முழுக்கத் தெரிந்த பிறகு பார்த்தால் சில இடங்கள் இடிக்கின்றன. கல்லறையிலிருந்து வெளியே வந்த டீன், ஆளில்லாத பெட்ரோல் பங்க்கில் ஜன்னலோரம் உப்பு கொட்டுகிறான். கொட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கூரிய சத்தம் வந்து கண்ணாடியெல்லாம் நொறுங்குகிறது. உப்பு ஏன் உதவவில்லை? நரகத்திலிருந்து மீட்டவரே ஏன் அவனைக் காயப்படுத்த வேண்டும்?

அடுத்தது அந்தக் களஞ்சியக் காட்சி. மூத்த வேட்டைக்காரரான பாபியும் டீனும் சுவர், தரை என்று இடம் விடாமல் சின்னங்கள் வரைந்து வைத்திருக்கிறார்கள். டீனை மீட்ட தேவதூதரான காஸ்டியல் எதையும் பொருட்படுத்தாமல் நடந்து வருகிறார். பிற்பாடு தேவதூதர்களைக் கட்டவும் விரட்டவும் வழிகள் இருப்பதாகக் காட்டுகிறார்களே, அதோடு இது ஒத்துப்போகிறதா?

சாம் அதே நேரத்தில் அதே ஊரில் இருப்பது வெறும் தற்செயலா?

கடைசியாக, நண்பர் ஒருவர் முதல் மூன்று சீசனையும் பார்க்க நேரமில்லை, நான்காவதிலிருந்து தொடங்குகிறேன் என்கிறார். குறைந்தபட்சம் எதையெல்லாம் பார்த்துவிட்டு வரச் சொல்லலாம்?

உப்புக்கோடு:

உப்பிலிருந்து வருகிறேன். இந்தத் தொடரின் விதிப்படி உப்புக்கோடு ஆவிகளையும் பிசாசுகளையும் தாண்டவிடாது. அவ்வளவுதான் அதன் வேலை. அந்தப் பங்க்கில் எதுவும் கோட்டைத் தாண்ட முயலவே இல்லை. வந்தது குரல் மட்டும். குரலை உப்பு தடுக்காது.

டீன் ஏன் உப்பை எடுத்தான் என்பதைப் பாருங்கள். டிவி தானாக எரிந்து இரைகிறது, பிறகு ரேடியோ. மூன்று சீசன் பார்த்தவர்களுக்கு இது ஆவி வருவதற்கான அறிகுறி. டீனுக்கும் அதே பழக்கம்தான். ஆனால் ஆவி என்றால் குளிர் வர வேண்டும், மூச்சு புகையாகத் தெரிய வேண்டும். பட்டப்பகலில், வியர்வையும் மண்ணுமாக நிற்கிறான், அப்படி எதுவும் இல்லை. ஒரு அறிகுறி பொருந்தி இன்னொன்று பொருந்தாமல் போவதே இங்கே முதல் தடயம். பிறகு மோட்டலில் அதே சத்தம், கூரையில் பதித்த கண்ணாடி உடைந்து கொட்டுகிறது. இரண்டும் தன் உண்மையான குரல் என்று காஸ்டியல் களஞ்சியத்தில் சொல்கிறார். தேவதூதர்களின் உருவத்தையும் குரலையும் தாங்கக்கூடிய மிகச் சில மனிதர்களில் டீனும் ஒருவன் என்று நினைத்தார், அந்தக் கணிப்புத் தப்பிவிட்டது. அப்படிப்பட்ட மனிதன் எப்படி இருப்பான் என்பதை 20ஆம் எபிசோடில் காட்டுகிறார்கள். காஸ்டியல் குடியிருக்கும் உடலின் சொந்தக்காரர் ஜிம்மி நோவாக் அந்தக் குரலைக் கேட்கிறார், அவருக்குக் காது கிழியவில்லை.

இப்போது களஞ்சியம். அதற்கு முன்னால் எபிசோடு மொத்தமும் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இது ஒவ்வொரு சந்தேகமாகக் கழித்துக்கொண்டே போகும் கதை. பாபி வீட்டுக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் டீனைப் பார்த்ததும் வெள்ளிக் கத்தியோடு பாய்கிறார். டீன் பாபியின் முழுப்பெயரைச் சொல்கிறான், மனைவிக்கு நடந்ததைச் சொல்கிறான். கொஞ்சம் தளர்ந்தவர் மறுபடி பாய்கிறார். உருமாறி என்ற, வேறொருவர் உருவத்தை எடுக்கும் ஜந்து அவருடைய நினைவுகளையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும் என்பதால் நினைவு சாட்சியாகாது. டீன் அதே வெள்ளிக் கத்தியால் தன் கையைக் கீறிக்கொள்கிறான். உருமாறியும் இல்லை, திரும்பி வந்த பிணமும் இல்லை என்று ஆகிறது. பாபி கட்டிப்பிடிக்கிறார், விட்டதும் முகத்தில் புனித நீரை வீசுகிறார். பிசாசும் இல்லை. சில நிமிடத்தில் மூன்று கழிந்துவிட்டன.

அதன் பிறகு கேள்வி மாறுகிறது. இவன் டீன்தான், அப்படியென்றால் யார் கொண்டு வந்தது? சாம் பேரம் பேசினானா? பேசிப் பார்த்திருக்கிறான், எந்தப் பிசாசும் ஒப்புக்கொள்ளவில்லை. பிசாசுகளே செய்தனவா? உணவகத்தில் இருக்கும் பிசாசுகளுக்கே பதில் தெரியவில்லை, அவையே மிரண்டு கிடக்கின்றன. ஆவிகளோடு பேசக்கூடிய பமீலா என்ற பெண் வழியாக ஒரு பெயர் மட்டும் கிடைக்கிறது. பெயர் கிடைத்ததால் அழைப்புச் சடங்கு செய்ய முடிகிறது.

களஞ்சியத்தில் பாபி வைத்திருப்பது என்ன? உலகத்தில் உள்ள எல்லா மதங்களின் காப்புச் சின்னங்கள், பிசாசுப் பொறிகள், உப்பு நிரப்பிய தோட்டா, இரும்பு, வெள்ளி, சாமோடு சேர்ந்து திரியும் ரூபி என்ற பெண்பிசாசு கொடுத்த கத்தி. அதுவரை வேட்டைக்காரர்கள் சந்தித்த எல்லாவற்றுக்கும் மருந்து அங்கே இருக்கிறது. தேவதூதர்கள் இரண்டாயிரம் வருஷமாகப் பூமியில் நடமாடவே இல்லை என்று அடுத்த எபிசோடில் காஸ்டியல் சொல்கிறார். சந்திக்காத ஒன்றுக்கு பாபியிடம் மருந்து எப்படி இருக்கும்? உண்மையில் வேலை செய்யக்கூடியவை மெதுவாக வருகின்றன. ரத்தத்தால் வரைந்து விரட்டும் சின்னத்தை 10ஆம் எபிசோடில் ஆனா என்ற பெண் வரைகிறாள். தேவதூதரைக் கொல்லும் வாள் 16இல். புனித எண்ணெய் வளையம் ஐந்தாம் சீசன் மூன்றாம் எபிசோடில். இவை எதுவும் களஞ்சியத்தில் கிடையாது. ரூபியின் கத்தி பிசாசுகளைக் கொல்லும் கத்தி. அது நெஞ்சில் இறங்கியும் அவர் சாதாரணமாக உருவிப் போடுவது விதிக்கு மீறியதில்லை, விதிப்படியே நடப்பது. எழுதியவர்கள் பிறகு விதியை மாற்றினார்கள் என்று இந்த இடத்தில் சொல்ல முடியாது.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. வேட்டைக்காரர்கள் பிணத்தை உப்பிட்டு எரிப்பதுதான் வழக்கம். பாபியும் அதையே சொன்னார். திரும்பி வந்தால் உடம்பு வேண்டுமே என்று சாம்தான் விடாப்பிடியாகப் புதைக்க வைத்தான். நரக நாய்கள் கிழித்த உடம்பில் ஒரு தழும்பு இல்லை, இடது தோளில் கைத்தடம் மட்டும் வெந்து பதிந்திருக்கிறது. கல்லறையைச் சுற்றி மரங்கள் வட்டமாக வெளிப்பக்கம் சாய்ந்து கிடப்பது அந்த வருகையின் பலம். சாம் பிடிவாதம் பிடிக்காவிட்டால் இந்த எபிசோடே வேறு மாதிரி தொடங்கியிருக்கும்.

வெள்ளிக்கத்தி:

உப்புக்கோடு சொன்னது சரிதான், ஆனா எபிசோடோட உயிர் காஸ்டியல் கிட்ட இல்லைங்க. சாம் கிட்ட இருக்கு. அதை விட்டுட்டா பாதி எபிசோடைத் தவறவிட்ட மாதிரி.

அதே ஊர்ல ஏன் இருக்கான்னு கேட்டீங்க. தற்செயல் கிடையாது. டீன், சாமோட செல்போன் கணக்கு எந்தப் பொய்ப்பேர்ல இருக்கும்னு யூகிச்சு ஜிபிஎஸ் வழியா இடத்தைப் பிடிக்கிறான். இலினாய் மாநிலம் பான்டியாக். டீனைப் புதைச்ச இடத்துக்குப் பக்கத்துலயே. பாபிக்கும் டீனுக்கும் உடனே சந்தேகம் வருது, இவன்தான் ஏதோ செஞ்சு எழுப்பியிருக்கான்னு. சாம் சொல்ற காரணம் என்ன? டென்னசியிலேர்ந்து ஒரு பிசாசுக் கூட்டத்தைத் தொடர்ந்து வந்தேன், நேத்து காலையில திடீர்னு திசை மாறி இங்க வந்துடுச்சு. நேத்து காலைதான் டீன் வெளிய வந்தான். அந்த நிலநடுக்கம் மாதிரி சக்தியைப் பார்த்துப் பிசாசுங்க வந்துச்சு, பிசாசுங்களைப் பார்த்து சாம் வந்தான். ரெண்டுக்கும் காரணம் ஒண்ணேதான். இந்த விளக்கத்துல பொய் இல்லை. மத்ததுலதான் பொய்.

மோட்டல் கதவு தட்டுற காட்சியை மறுபடி பாருங்க. ஒரு பொண்ணு கதவைத் திறந்து பீட்சா எங்கன்னு கேக்குறா. அப்புறம் கிளம்பும்போது சாம் அவளைத் தப்பான பேர் சொல்லி வழியனுப்புறான், அவ திருத்துறா. முதல் தடவை பார்க்கும்போது, ஓ, பேர்கூட ஞாபகம் இல்லாத ஒரு ராத்திரிப் பழக்கம்னு நாமளும் டீனும் நினைச்சுக்குறோம். அது முழுக்க நடிப்பு. அவதான் ரூபி. மூணாம் சீசன்ல கேட்டி காசிடி நடிச்ச ரூபி, இப்ப ஜெனிவீவ் கோர்டீஸ். முகம் மாறினதால நமக்குத் தெரியலை. நடிகையை மாத்தினதுக்குக் கதையிலேயே இடம் இருக்கு. மூணாம் சீசன் கடைசியில லிலித்ங்கிற பெரிய பிசாசு அந்தப் பழைய உடம்புக்குள்ள புகுந்து ரூபியை வெளிய தள்ளிட்டா இல்லையா? அதனால புது உடம்பு தேவைப்படுது. கட்டாயத்துக்கு வந்த மாற்றத்தைத் தடயத்தை ஒளிக்கிற திரையா மாத்தினது கிரிப்கியோட கெட்டிக்காரத்தனம்.

அப்புறம் அந்த ரெண்டு பொய். நரகம் எப்படி இருந்துச்சுன்னு சாம் கேக்குறான், எதுவும் ஞாபகம் இல்லைன்னு டீன் சொல்றான். உடனே கண்ணாடியில பார்க்கும்போது ஒரு நொடி பளிச்சுன்னு நரகம் வந்து போகுது. உன்னோட அந்தச் சக்தியைப் பயன்படுத்தினியான்னு டீன் கேக்குறான், நீ வேண்டாம்னு சொன்னதால தொடவே இல்லைன்னு சாம் சொல்றான். அதே ராத்திரி உணவகத்துல கையை நீட்டியே பிசாசை ஓட்டுறான். சீசன் முழுக்க ஓடுறதுக்கான எண்ணெய் இந்த ரெண்டு பொய்தான். சாமோட பொய் 4ஆம் எபிசோடுல உடையுது. டீனோட பொய் 8ல உடையுது, முழு விவரம் வர 10 ஆகுது: பூமியில 4 மாசம், நரகத்துல 40 வருஷம். 30 வருஷம் வதைபட்டான், 10 வருஷம் மத்தவங்களை வதைச்சான். நரகத்துல அடைபட்டவனைப் பூட்டி வெச்சிருக்கிற முத்திரைகள்ல முதலாவதை அந்தச் செயல்தான் உடைச்சதுன்னு 16ல தெரியும்போது, முதல் எபிசோடுல அவன் "ஞாபகம் இல்லை"ன்னு சொன்ன முகம் திரும்ப மனசுல வரும்.

டீனோட இம்பாலா கார்ல சாம் மாட்டி வெச்ச ஐபாட் செட்டை டீன் பிடுங்கி எறியுறது சிரிப்புக்கு வெச்ச மாதிரி இருக்கும். ஆனா 1967 இம்பாலாவுக்குள்ள அந்தப் பொருள் இருக்குறதே, சாம் வேற ஆளா வாழப் பழகிட்டான்னு சொல்லிடுது. டீனோட தாயத்தை மட்டும் அவன் பத்திரமா வெச்சிருந்து திருப்பித் தர்றான். ரெண்டும் ஒரே ஆள்.

மின்மினி:

இருவருக்கும் நன்றி. கத்தியும் சின்னங்களும் பலிக்காதது இப்போது தெளிவாகிவிட்டது. பமீலா விஷயம் மட்டும் இன்னும் மனது ஒப்பவில்லை. உதவ வந்த ஒரு பெண்ணின் கண்கள் எரிந்துபோகின்றன, எபிசோடு அதைத் தாண்டி ஓடிவிடுகிறது. அதிர்ச்சிக்காக மட்டும் வைத்ததுபோல் இருக்கிறது. உணவகத்துப் பிசாசுகளுக்கும் கண்கள் கருகியிருக்கின்றனவே, அதுவும் காஸ்டியல் செய்ததா?

உப்புக்கோடு:

பமீலாவை எடுத்துவிட்டால் கதை நகராது. பெயர் இல்லாமல் அழைக்க முடியாது, பெயர் அவர் மூலம்தான் வருகிறது. அவர் செய்த முறையையும் பாருங்கள். மீட்டவர் தொட்ட இடத்தைத் தொட வேண்டும் என்கிறார், டீன் தோளைக் காட்டுகிறான், அந்தக் கைத்தடத்தின் மேல் கை வைக்கிறார். பெயர் முதலில் கேட்டுவிடுகிறது. திரும்பிப் போ என்ற எச்சரிக்கையும் கேட்கிறது. அங்கே நிறுத்தியிருந்தால் கண்கள் தப்பியிருக்கும். முகத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு படி மேலே போகிறார். அவருடைய துணிச்சலே அவரைக் காயப்படுத்துகிறது. நான் அதை அலட்சியமாக எழுதியதாகப் பார்க்கவில்லை.

எபிசோடு அவரை மறந்துவிடவும் இல்லை. களஞ்சியத்தில் டீன் காஸ்டியலிடம் கோபமாகக் கேட்கும் முதல் விஷயங்களில் ஒன்று அதுதான். 10ஆம் எபிசோடில் பமீலா பார்வையில்லாமலேயே வந்து ஆனாவின் நினைவை மீட்டுக் கொடுக்கிறார். 15ஆம் எபிசோடில் இந்தச் சகோதரர்களுக்கு உதவப் போய் உயிரையே விடுகிறார். போகும்போது தன் மனக்கசப்பை மறைப்பதில்லை. இந்தத் தொடரில் துணைப் பாத்திரங்களுக்கு நேர்ந்த தீங்கு பல சமயம் அடுத்த வாரமே மறக்கப்படும். இவருக்கு அப்படி நடக்கவில்லை.

உணவகத்துக் கண்கள்: எபிசோடு நேரடியாகச் சொல்லாது. ஆனால் பமீலாவுக்கு நடந்ததும் அங்கே நடந்ததும் ஒரே காயம், ஆகவே பார்த்ததும் ஒரே உருவத்தைத்தான். எஞ்சியிருக்கும் ஒரு பிசாசு, முடிவைப் பார்த்துவிட்டேன், எல்லோரும் செத்தோம் என்ற அர்த்தத்தில் புலம்புகிறது. மனிதரையும் பிசாசையும் ஒரேபோல எரிக்கும் ஒன்று வருகிறது என்பதைக் களஞ்சியத்துக்கு முன்பே நமக்குச் சொல்லிவிடும் இடம் அது.

எனக்கு உண்மையிலேயே பலவீனமாகப் படுவது அதற்கு முந்தைய உணவகக் காட்சி. பிசாசுகள் சுற்றி இருக்க, டீன் பரிமாறுகிற பெண்ணை அறைந்துவிட்டு எழுந்து நடக்கிறான். தன்னை மீட்டது யாரென்று தெரியாமல் அவை தொட மாட்டா என்று கணக்குப் போடுகிறான். கணக்கு சரிதான். ஆனாலும் அந்த மிரட்டல் தேவைக்கு மேல் நீள்கிறது.

ஏட்டுச்சுவடி:

நண்பருக்கான பட்டியல் நான் தருகிறேன். ஒன்பது எபிசோடு போதும். ஒன்று சுமார் 42 நிமிடம், மொத்தம் ஆறேகால் மணி நேரம்.

முதல் சீசனில் 1, 22. முதலாவதில் அம்மாவின் சாவும் அண்ணன் தம்பி உறவும். 22ஆவதில்தான் பாபி அறிமுகமாகிறார், பிசாசுப் பொறி எப்படி வேலை செய்யும் என்பதும் அங்கே தெளிவாகிறது. களஞ்சியத் தரையில் வரைந்திருப்பது என்னவென்று தெரியாமல் அந்தக் காட்சியைப் பார்த்தால் பாதி பயம் போய்விடும்.

இரண்டாம் சீசனில் 8, 13, 21, 22. எட்டாவது, நாற்சந்தியில் பிசாசிடம் ஆன்மாவை விற்கும் பேரத்தின் விதிகளைச் சொல்வது: வழக்கமாக 10 வருஷத் தவணை, முடிந்ததும் நரக நாய். கடைசி இரண்டில் சாம் சாகிறான், டீன் பேரம் பேசுகிறான், அவனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வருஷம். 10 எங்கே 1 எங்கே என்று உறைக்க வேண்டுமென்றால் எட்டாவதைத் தாண்டக் கூடாது.

13ஆவதைப் பெரும்பாலான பட்டியல்களில் விட்டுவிடுகிறார்கள். விடவே கூடாது. தேவதூதன் சொன்னதாகக் கொலைகள் நடக்கும் கதை அது, கடைசியில் ஒரு பாதிரியாரின் ஆவி என்று தெரியவரும். அதில் சாம் தினமும் ஜெபிப்பவன், டீன் எதையும் நம்பாதவன். நான்காம் சீசனில் தேவதூதர் வந்து நிற்பது நம்பாதவன் முன்னால், ஜெபித்தவன் அப்போது ரூபியோடு உணவகத்தில் இருக்கிறான். இந்தத் தலைகீழ் புரிய 13 தேவை.

மூன்றாம் சீசன் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தத்தால் 16 எபிசோடிலேயே முடிந்துபோனது. அதில் 9, 12, 16. ஒன்பதாவதில் பிசாசுகள் ஒரு காலத்தில் மனிதர்கள் என்பதை ரூபி டீனிடம் சொல்கிறாள். நரகத்தில் டீன் என்னவாக மாறத் தொடங்கினான் என்பதற்கு அதுவே விளக்கம். 12இல் லிலித் வருகிறாள். 16 முடிந்ததும் இடைவெளி விடாமல் லாசரஸ் ரைசிங்கைப் போடச் சொல்லுங்கள்.

தவறு நேரும் இடம் ஒன்று உண்டு. ஸ்ட்ரீமிங் தளங்களில் எபிசோடு சுருக்கத்திலும் சிறு படத்திலும் காஸ்டியல் யார் என்பது அம்பலமாகிவிடும். பட்டியலைத் திறந்து தேட விடாமல் நீங்களே எபிசோடைப் போட்டுக் கொடுங்கள். தொடக்கத்தில் வரும் முன்கதைச் சுருக்கத்தை நம்பி முந்தைய சீசன்களைத் தாண்டவும் வேண்டாம். அது பார்த்தவர்களுக்கு ஞாபகப்படுத்த மட்டுமே உதவும்.

நிழற்சிறகு:

இயக்கம் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். மூன்றாம் சீசன் கடைசி எபிசோடையும் இயக்கியவர் கிம் மேனர்ஸ்தான். ஆகவே கொக்கிகளில் தொங்கிக்கொண்டு டீன் கத்தும் அந்தக் கடைசிக் காட்சியும், சவப்பெட்டிக்குள் இருட்டில் லைட்டர் கொளுத்தும் இந்த முதல் காட்சியும் ஒரே கை செய்தவை. அங்கே எல்லையே இல்லாத வெளி, இங்கே முகத்துக்கு மேலே பலகை. எக்ஸ் ஃபைல்ஸ் தொடரில் பல எபிசோடுகளை இயக்கியவர். இந்த சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 2009 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தார். அவருடைய இழப்பு இந்தத் தொடருக்கு எவ்வளவு பெரியது என்பதற்கு இந்த ஒரு எபிசோடே போதும்.

அவசரப்படாமல் விடுவது அவர் பலம். டீன் மண்ணைப் பிளந்து வருவது, நடப்பது, தண்ணீர் குடிப்பது, செய்தித்தாளில் தேதி பார்ப்பது எல்லாம் கிட்டத்தட்ட வசனமே இல்லாமல் போகிறது. களஞ்சியத்திலும் அப்படித்தான். கூரை அதிர்கிறது, கதவு திறக்கிறது, பல்புகள் ஒவ்வொன்றாக வெடித்துத் தீப்பொறி கொட்டுகிறது, நடுவே காஸ்டியல் வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் நடந்து வருகிறார். சிறகுகளை நேரடியாகக் காட்டாமல் மின்னல் வெளிச்சத்தில் சுவரில் நிழலாக மட்டும் காட்டியது மிகச் சரியான முடிவு. இறகு ஒட்டிய சிறகைக் காட்டியிருந்தால் அந்த நொடி செத்திருக்கும்.

மிஷா காலின்ஸ் நடிப்புத் தேர்வுக்கு வந்தபோது அவருக்குக் கொடுத்தது ஒரு பிசாசின் வசனம். தேவதூதர் வருகிற செய்தி வெளியே கசியாமல் இருக்க அப்படிச் செய்தார்கள். அடுத்த சீசனில் அவர் தொடரின் நிரந்தர நடிகர்களில் ஒருவரானார். முதல் காட்சியில் அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண் சிமிட்டாமல் டீனைப் பார்க்கும் பார்வையைக் கவனியுங்கள். மனித உடம்பு இன்னும் பழகாத ஒருவரின் பார்வை. காஸ்டியல் என்றால் இன்றும் எனக்கு முதலில் வருவது அதுதான்.

ஹெட்போனில் பார்ப்பவர்கள் பெட்ரோல் பங்க் காட்சிக்கு முன்பும், டீன் மோட்டலில் தூங்கும் காட்சிக்கு முன்பும் ஒலியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தம் மெல்லத் தொடங்கி சட்டென்று ஏறும். இரண்டு காட்சியிலும் கண்ணாடி உடைந்து முடியும்வரை அது நிற்காது.

மின்மினி:

13ஆவதை நண்பரின் பட்டியலில் சேர்த்துவிட்டேன். இரண்டாவது எபிசோடையும் அதே உட்காரலில் காட்ட வேண்டுமா, அல்லது அடுத்த நாள் போதுமா?

ஏட்டுச்சுவடி:

அதே உட்காரலில் காட்டுங்கள். கடவுள் கட்டளையிட்டதால் உன்னை மீட்டேன், உனக்கு வேலை இருக்கிறது என்று காஸ்டியல் முதல் எபிசோடில் சொல்லி நிறுத்துகிறார். அது என்ன வேலை என்பது இரண்டாவதின் கடைசி நிமிடங்களில்தான் வரும்: முத்திரைகள், லிலித், அவள் விடுவிக்கப் பார்ப்பது யாரை என்பது. அங்கே நிறுத்தினால் நண்பர் தானாகவே மூன்றாவதைக் கேட்பார்.